உறை கிடைக்காதவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் அண்ணி சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அண்ணி ஓர் ஆய்வு மையத்தில் களப்பணியாளர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சாப்பிட்ட கையோடு தூங்கிவிட்டார். அண்ணி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு போர்வையைப் பாதி மடித்தவர், சுவரிடம் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு பொண்ணு கேட்டுச்சு தம்பி. 'எவ்ளோ நல்லாப் படிச்சா எனக்கும் கவர் குடுப்பீங்க மிஸ்?'னு."

அவ்வளவுதான். மீதிப் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். யார் அந்தப் பெண், என்ன கவர் என்று துளைத்தேன். "பிள்ளைங்களைப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். பெயரும் கிடையாது, தெருவும் கிடையாது. ஆக, கீழே வரப்போகிற பெண்ணை, அவள் வீட்டை, அவள் அம்மாவை எல்லாம் நான்தான் இட்டுக்கட்டினேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் நிஜம்.

(இப்போதைக்கு அது உங்களுக்குப் புரியாது. எனக்கும் அன்று புரியவில்லை. புரிந்த பிறகு இரண்டு வேளைக்குச் சோறு இறங்கவில்லை.)

2

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கதை எங்கும் ஓடிவிடாது.

அண்ணியின் மையம் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: சின்ன வயதில் படிக்கத் திணறுகிற பிள்ளைகள், வளர்ந்து பதின்ம வயதுக்கு வரும்போது மற்றவர்களைவிட அதிகமாக மனச்சோர்வுக்கு ஆளாகிறார்களா? மக்குப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வல்ல இது. வாய் ஓயாமல் பேசும், கணக்கு மனசுக்குள்ளேயே போடும், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும், ஆனால் எழுத்தைக் காட்டினால் மட்டும் நின்றுவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகள். ஏழு வயதில் எல்லோரையும் வாசிக்கச் சொல்லிச் சோதித்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, பதினாலு வயதில் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்.

வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போதெல்லாம் பின்பெஞ்சின் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மனசு எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு வேண்டுமா என்று நான் அண்ணியைக் கேட்டேன்.

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. நமக்குத் தெரியும்னு நினைக்கறது வேற, தெரியறது வேற. மேல இருக்கறவங்க புள்ளிவிவர டேபிள் எங்கேன்னு கேப்பாங்க. உங்க கண்ணீரையா கொண்டுபோய்க் காட்ட முடியும்?"

பதினாலு வயது மனசைப் பார்க்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். தூக்கம், பசி, காரணமில்லாத அழுகை என்று தொடங்கி, கடைசியில் உயிரோடு இருப்பது பற்றி ஒரு கேள்வி. நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குத் தாள், பேனா, ஓர் உறை மூன்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அது ஒரு மூலையில் உட்கார்ந்து தானே டிக் அடித்து, உறையில் போட்டு, ஒட்டித் திருப்பித் தரும். உள்ளே என்ன என்று அம்மாவுக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது.

வாசிக்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? அதற்குக் களப்பணியாளரே சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி. கருணையான விதி. வெளியாள் எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. உலகம் இருக்கிற இருப்பில் அதுவும் வேண்டியதுதான்.

இந்த இரண்டு நல்ல விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை தன் துக்கத்தைத் தனியாக எழுதி ஒட்டித் தருகிறது. படிக்கத் தெரியாத பிள்ளை அதே துக்கத்தை அம்மா முகத்துக்கு நேராக வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை யாருமே கவனிக்கவில்லை. ஆய்வுத் தலைவர், புள்ளிவிவரக்காரர், என் அண்ணி, எல்லோரும் விவரமானவர்கள்தான். முதல் கணக்கு வந்தபோது, படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாகவே இருக்கிறார்கள் என்று வந்தது. எதிர்பாராத முடிவு என்றால் ஆய்வுக்காரர்களுக்குத் தனிக் குஷி. அறிக்கைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டார்களாம்.

[இது அடிக்குறிப்பாக வர வேண்டியது, கீழே இடமில்லாததால் இங்கே: மையத்தில் அண்ணிக்குப் பட்டப்பெயர் 'ரேடியோ'. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும், ஏற்ற இறக்கம் கூடாது, புரியவில்லை என்றால் விளக்கக் கூடாது, திரும்ப வாசிக்கலாம். இதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல் தேய்ப்பது பற்றிய கேள்வியையும் அழுவது பற்றிய கேள்வியையும் ஒரே சுருதியில் வாசிப்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவருடைய ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். வீட்டில் அண்ணனைத் திட்டும்போது இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.]

3

சரி, கதை. முதல் வரி.

'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம்

வேண்டாம். சோகமான பெண் என்று நினைத்த மாத்திரத்தில் மழையும் ஜன்னலும் அழையாமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

'எழுத்துகள் அவள் கண்ணுக்கு எறும்புகளாக ஊர்ந்தன. ஒவ்வொரு

இதுவும் வேண்டாம். சரளமாகப் படிக்கத் தெரிந்தவன் உட்கார்ந்து யோசித்த எறும்பு இது. அண்ணியிடம் கேட்டதற்கு, "எறும்புன்னு ஒரு பிள்ளையும் எங்கிட்ட சொன்னதில்ல. எழுத்து எழுத்தாத்தான் இருக்குமாம். ஆனா ஒண்ணொண்ணாக் கூட்டிக் கடைசிக்கு வர்றதுக்குள்ள, முதல்ல படிச்சது போயிடுமாம்" என்றார். எறும்பைவிட இது எனக்குப் பயமாக இருந்தது.

'அவளுடைய அம்மா ஒரு ராட்சசி.'

இந்த வரி முழுதாக வந்தது. இருந்தாலும் அடித்துவிட்டேன். அம்மாவைக் கெட்டவளாக்கினால் என் வேலை சுலபம். கெட்ட அம்மா முன்னால் பிள்ளை பொய் சொல்வதில் என்ன அதிசயம்? நல்ல அம்மா முன்னால்தான் சில விஷயங்கள் வாயில் வராது.

ஆகவே அம்மா நல்லவர். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை எதிரெதிரே நின்று இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும், விரல் நுனிகள் வெந்தது போலச் சிவந்திருக்கும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் வரும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். மூத்த பெண்ணை வீட்டில் 'பெரியவ' என்று கூப்பிடுகிறார்கள். பதினாலு வயது. அவளைவிட மூன்று வயது இளைய தங்கை 'சின்னவ'. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அறைக்கு நடுவே ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் பெற்றோர்.

பெரியவளுக்கு ஏதாவது ஒரு திறமை வைக்கலாமா என்று யோசித்தேன். அருமையாகப் படம் வரைவாள், அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து எதையும் கழற்றி மாட்டுவாள், அந்த மாதிரி. வைத்தால் உங்களுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும்: படிப்பு போனால் போகட்டும், இது இருக்கிறதே என்று. அதனாலேயே வைக்கவில்லை. அவள் சாதாரணப் பெண். சுமாராகப் பாடுவாள். மாடிப்படியில் தாவித் தாவி இறங்குவாள், இப்போது கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

4

பெரியவளிடம் ஒரு போன் இருக்கிறது. அப்பா போட்டு உடைத்து, ஓரம் விரிசல் விட்ட பழைய போன். அவள் வகுப்புப் பெண்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் வருவதைச் சின்னவள்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

(இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பெண்ணுக்கு எழுத்தாக வருகிற எதுவும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வருகிறது. நாளைக்கு எவனாவது ஒரு காதல் கடிதம் கொடுத்தால்கூட வீடே சுற்றி உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். தமாஷாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன். வரவில்லை.)

"இன்னிக்கு என்னடி வந்திருக்கு?"

"நாளைக்கு எல்லாரும் டிராயிங் நோட்டு எடுத்துட்டு வரணுமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இவ்ளோ நீளமா இருக்கே?"

"அதெல்லாம் ஸ்மைலி, அக்கா."

பெரியவளுக்குப் படிக்கத்தான் வராது. நீளம் தெரியும், நிறம் தெரியும். ஸ்மைலி மஞ்சளாக இருக்கும். அந்தச் செய்தியில் மஞ்சள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மீதியெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் தன் பெயர் எங்கே வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் தடுமாறாமல் படிக்கிற ஒரே சொல் அதுதான். சின்னவள் அதையெல்லாம் அக்காவுக்காகத் தினமும் விழுங்கிவிட்டு டிராயிங் நோட்டை மட்டும் வாசிக்கிறாள். அந்தக் குழந்தைக்கும் அது ஜீரணமாகிற விஷயமில்லை.

பதில் சொல்ல வேண்டுமானால் குரல் செய்தி அனுப்பலாம். ஒரே அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, போனை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசுவாள். "தண்ணி சும்மாவா வருது? எதுக்குடி இப்படித் திறந்து விடற?" என்று அம்மா வெளியிலிருந்து கத்துவார். கொஞ்ச நாளில் குழாயையும் திறப்பதில்லை. அந்தக் குழுவுக்கு அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இந்தப் பகுதியை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன்.

"குழாய் நல்லாருக்கு தம்பி."

"நிஜமாவே அப்படி நடந்துச்சா அண்ணி?"

"நல்லாருக்குன்னுதான் சொன்னேன். நடந்துச்சுன்னா சொன்னேன்?"

அப்புறம் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "மெசேஜை மறுபடி படிங்க" என்றார். படித்தேன்.

5

இப்போது அந்த நாள்.

அம்மா அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆய்வு மையத்திலிருந்து வருகிறார்கள் என்று அறையைக் கூட்டித் துடைத்து, திரையை ஒதுக்கிக் கட்டி, நாற்காலிமேல் இருந்த துணிமூட்டையை எங்கோ திணித்திருந்தார். அண்ணி (கதையில் வருகிற அண்ணி, இவருக்கும் என் அண்ணிக்கும் குரல் மட்டும் ஒன்று) அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அந்தப் பெண்ணும் பெரியவளின் வகுப்புதான். உறையை ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றதை, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் பார்த்தாள்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் கட்டிலில். அம்மா அவளை ஒட்டி, முதுகில் கையை வைத்துக்கொண்டு. அந்தக் கை அவளுக்குத் தைரியம் கொடுப்பதற்காகத்தான் அங்கே இருந்தது.

"கடந்த இரண்டு வாரங்களில், காரணம் தெரியாமல் அழுதிருக்கிறாயா? அடிக்கடி, எப்போதாவது, இல்லை."

"இல்ல."

"அழுதாளே மிஸ்" என்றார் அம்மா. "அன்னிக்கு மார்க் வந்தப்ப."

"அது காரணத்தோட அழுததும்மா."

"ஆமா, அதுவும் சரிதான். அப்ப இல்லைன்னே போட்டுக்கங்க."

மூவரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கக் கூடாது என்று விதி. இருந்தாலும் கொஞ்சம் சிரித்துவிட்டார்.

தூக்கம்? நன்றாக இருக்கிறது. பசி? இருக்கிறது. பள்ளியில் உன்னை யாராவது வருத்தப்படுத்துகிறார்களா? இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "முன்னெல்லாம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம் மிஸ். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும். இப்ப ஒரு தொந்தரவும் இல்ல. அமைதியாயிட்டா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கடைசிக் கேள்வி.

"கடந்த இரண்டு வாரங்களில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றியதுண்டா?"

அதே சுருதி. பெரியவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அம்மாவின் சிவந்த விரல்களைப் பார்த்தாள். அண்ணிக்கு அந்த மௌனத்தைக் குறிக்கக் கட்டம் எதுவும் கிடையாது. பதில் வராவிட்டால் ஒருமுறை திரும்ப வாசிக்கலாம். வாசித்தார்.

"என்ன மிஸ் இது, சின்னப் பிள்ளைகிட்டப் போய் இதையெல்லாம் கேக்கறீங்க?" அம்மா மகள் பக்கம் திரும்பினார். "சொல்லுடி தங்கம். அப்படியெல்லாம் உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல" என்றாள் பெரியவள்.

அம்மா மூச்சுவிட்டார். அண்ணி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, தாளைப் பைக்குள் வைத்து, வருகிறேன் என்று எழுந்தார். பெரியவள் மாடிப்படி வரை கூடவே வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. (லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் ஓடாது என்று ஒரு கிண்டல் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.) முதல் வளைவில் நின்று, மேலே கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். உங்களுக்குத்தான் தெரியுமே, நான் திரும்ப எழுத வேண்டாம்.

அண்ணி என்ன பதில் சொன்னார்? நிஜ அண்ணியிடம் கேட்டேன். "ரேடியோ என்ன தம்பி சொல்லும்? அதுக்குக் கேக்கவா தெரியும்?" என்றார்.

6

பிள்ளையைப் பற்றித்தான் அண்ணி வாயைத் திறக்கமாட்டார். மையத்தைப் பற்றி நன்றாகவே திறப்பார். அதனால் இந்தப் பகுதி ஏறக்குறைய அப்படியே நடந்தது.

மறுநாள் அண்ணி ஆய்வுத் தலைவரின் அறைக்குப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னார். தலைவர் ஒரு பெண்மணி, எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். இந்த ஆய்வுக்குத் தலைமுடியைக் கொடுத்தவர், நரைத்ததைச் சொல்கிறேன். அவர் கணினியில் கணக்கைத் திறந்து, எந்தப் பிள்ளைக்கு உறை கொடுத்தோம், எந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினோம் என்று பிரித்துப் பார்த்தார்.

"நாம மனச்சோர்வை அளக்கவே இல்லம்மா" என்றார் பிறகு. "யார் பக்கத்துல அம்மா உக்காந்திருந்தாங்கன்னு அளந்திருக்கோம்."

"இத்தனை வருஷம் நான்தானே மேடம் வாசிச்சேன். எனக்குத் தோணியிருக்கணும்."

"விதியை எழுதுனது நான். விடுங்க, அழறதுக்கு இப்ப நேரமில்ல."

அறிக்கையை நிறுத்திவிட்டார். தலைப்போடு தயாராக இருந்த அறிக்கையை நிறுத்துவது லேசான காரியமில்லை, மேலிடத்தில் நிறையத் திட்டு வாங்கினாராம். காதில் மாட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்டு, திரையில் நிறத்தைத் தொட்டுப் பதில் சொல்கிற மாதிரி ஒரு புது முறையை எழுதி, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். குழு கூட வேண்டும், படிக்க வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும், மறுபடி கூட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். இனிமேல் வரும் பிள்ளைகளுக்கு அது நல்லது செய்யும்.

அந்தப் பெண்ணுக்கு?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்ன பிள்ளையின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயரைத் திறந்து பார்த்து, அன்றே ஆள் அனுப்பலாம். அவள் 'இல்லை' என்றிருக்கிறாள். கேள்வித்தாளின்படி அவள் சந்தோஷமான பெண். மாடிப்படியில் சொன்ன வாக்கியம் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அவளை மறுபடி பார்க்க டாக்டர் நெறிமுறைக் குழுவிடம் தனியாக அனுமதி கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. முறையான வேலையாக இல்லாமல் களப்பணியாளர் அந்த வீட்டுக்குப் போனால், பிள்ளையோடு தனியாகப் பேசினால், வேலை போய்விடும். வேலை போனால் பரவாயில்லை, மறுபடி எந்த வீட்டுக்கும் அவரை விடமாட்டார்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவளைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் அவள் பக்கத்தில் இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

7

முடிவு எழுத வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

முடிவு அ: அவள் செத்துப்போகிறாள்.

கதைகளில் பெண்பிள்ளைகளைச் சாகடிப்பது ரொம்பச் சுலபம். எழுதுகிறவனுக்குக் கனமான ஒரு கடைசிப் பாரா, வாசிக்கிறவருக்கு ஒரு பெருமூச்சு, இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். நிஜத்தில் அது நடக்கக்கூடியதுதான், அதனால்தான் எனக்குக் கை வரவில்லை. பெரியவளைக் கொன்று நான் நல்ல பெயர் வாங்கமாட்டேன்.

முடிவு ஆ: ஒரு நல்ல டீச்சர் வருகிறார். பொறுமையாகச் சொல்லித் தருகிறார். ஆண்டு விழாவில் பெரியவள் மேடை ஏறி, நடுங்கும் குரலில் முதல் வரியை வாசித்து முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று

எழுந்து நின்றால் எனக்கென்ன. டீச்சர் வரட்டும், அவள் படிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவள் துக்கத்துக்கு ஓர் உறை கிடைக்கும் என்றால், மாடிப்படியில் அவள் கேட்டதற்கு நானும் 'இன்னும் நல்லாப் படிம்மா' என்றுதான் பதில் சொன்னதாக ஆகும்.

முடிவு இ: ஒன்றும் நடக்கவில்லை. குழு அனுமதி தருகிறது. அண்ணி காதில் மாட்டும் கருவியோடு மூன்று மாடி ஏறுகிறார். வேறு யாரோ கதவைத் திறக்கிறார்கள். அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போய் நாளாகிவிட்டது, எங்கே என்று தெரியாது. மையத்தில் அந்த எண்ணுக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்று எழுதுகிறார்கள்.

மூன்றில் நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான். நான்கு நாள் இதை வைத்துக்கொண்டு நடமாடினேன். பிறகு பொறுக்காமல் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க அந்த வீட்டுக்கு மறுபடி போனீங்களா?"

பின்னால் பேருந்து போகிற சத்தம் கேட்டது. எங்கேயோ தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"கதையில எப்படி வச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கல."

"போனதா எழுதுங்க தம்பி."

"எழுதுனா உங்க வேலைக்கு ஏதாவது..."

"போனதா எழுதுங்கன்னு சொல்றேன்ல. நீங்க எழுதிட்டீங்கன்னா அப்புறம் நான் போய்த்தானே ஆகணும்?"

வைத்துவிட்டார். அது ரேடியோ குரலில்லை.

8

அண்ணி போகிறார்.

பை இல்லை, கேள்வித்தாள் இல்லை. சாயங்காலம். அம்மா வேலை முடிந்து வந்து, கால்களை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னவள்தான் கதவைத் திறக்கிறாள். பெரியவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"அன்னிக்கே எல்லாம் கேட்டாச்சே மிஸ்?"

"கேட்ட விதம் தப்பும்மா. உங்க பொண்ணுகிட்ட நான் தனியாப் பேசணும். நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கணும்."

அம்மா வாளியிலிருந்து காலை எடுக்கிறார். "எனக்குத் தெரியக் கூடாதது எம்பொண்ணுகிட்ட என்ன இருக்கு?"

"ஏதாவது இருக்கான்னு எனக்கும் தெரியாது. இருந்தா உங்க முன்னாடி வராது."

"ஏன் வராது? நான் என்ன அவளை அடிக்கறேனா, திட்டறேனா? யாருக்காக நான் இப்படி..."

"நீங்க நல்ல அம்மாங்கறதாலதான் வராது."

இதற்குப் பிறகு அம்மாவுக்கு வசனம் எழுத எனக்கு வரவில்லை. அவர் கோபப்பட்டு அண்ணியை வெளியே போகச் சொல்லலாம், மையத்துக்குப் போன் செய்யலாம், முழு உரிமை இருக்கிறது. நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவராகவே கட்டிலைப் பார்க்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிற முதுகைப் பார்க்கிறார். அமைதியாகிவிட்டாள் என்று தான் பெருமையாகச் சொன்னது அவருக்கு இப்போது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஈரக் காலோடு எழுந்து, சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார்.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்காருகிறார்.

"அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டேன்ல கண்ணு. கடைசியா. அதைத் திரும்பக் கேக்கட்டுமா?"

பெரியவள் மெதுவாகத் திரும்புகிறாள். எழுந்து உட்காருகிறாள். கதவைப் பார்க்கிறாள், சாத்தியிருக்கிறது. அண்ணியைப் பார்க்கிறாள். உதடு பிரிகிறது.

ஆனால் பேசவில்லை. ஏனென்றால் அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறோம். நான் ஒருவன், எழுதிக்கொண்டு. நீங்கள் ஒருவர், படித்துக்கொண்டு. இரண்டு பேருமே சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள். அவள் சொல்லப்போவதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், அவளைக் கேட்காமலே. அவள் பதிலை நான் இங்கே எழுதினால், அது எந்தப் பதிலாக இருந்தாலும், மறுபடியும் நாலு பேர் முன்னால் அவளைச் சொல்லவைத்ததாகத்தான் ஆகும்.

எழுந்திருங்கள். நாமும் வெளியே போவோம். கதவைச் சத்தம் வராமல் சாத்துங்கள்.

மாடிப்படியில் விளக்கு இன்னும் போடவில்லை. சின்னவள் ஒரு படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்திருக்கிறாள். அம்மா செருப்பில்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், காலடியில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து வருவது நாம்தான் என்று தெரிந்ததும் ஓரடி முன்னால் வருகிறார்.

"என்ன சொல்றா?" என்கிறார்.

எனக்குத் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது உங்களைப் பார்க்கிறார்.